பாலைவனத்தில் விவசாயம்: முதலில் மழைக் கணக்கு

'பாலைவனத்தைச் சோலையாக்கிய அதிசயம்' என்ற தலைப்போடு ஏதாவது ஒரு காணொளி அடிக்கடி வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறது. இடது பக்கம் வெறும் மணல், வலது பக்கம் பச்சைப் பயிர். எந்த ஊர், எத்தனை ஆண்டு வேலை, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற விவரம் மட்டும் இருக்காது. இதில் கடைசிக் கேள்விதான் முக்கியம். ஆண்டுக்கு 500 மி.மீ. மழை பெய்யும் பொட்டலில் பயிர் வருவது ஒரு கதை. 25 மி.மீ. பெய்யும் மணலில் வருவது முற்றிலும் வேறு கதை. இரண்டுக்கும் 'பாலைவன விவசாயம்' என்று ஒரே பெயர் வைத்துவிடுவதால், ஓரிடத்தில் பலித்த முறையை இன்னோரிடத்தில் கொண்டுபோய்த் திணித்துப் பணத்தையும் ஆண்டுகளையும் தொலைக்கிறார்கள். மழை ஓரளவு உள்ள இடத்தில் தொடங்கி, அறவே இல்லாத இடம் வரை போய்ப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

சகாராவுக்குத் தெற்கே அட்லாண்டிக் கரையிலிருந்து செங்கடல் பக்கம் வரை பட்டையாக நீளும் வறண்ட நிலத்தை சாஹேல் என்கிறார்கள். 1970-களின் தொடக்கத்திலும் 1984-ஐ ஒட்டியும் அங்கே பெரும் பஞ்சம் வந்தது. புர்கினா ஃபாஸோ நாட்டின் வடக்கிலுள்ள யாத்தெங்கா மாகாணத்தில் ஊர் ஊராக ஆட்கள் கிளம்பிப் போனார்கள். ஆனால் அங்கே மழை ஒரேயடியாக நின்றுவிடவில்லை. குறைந்த ஆண்டுகளிலும் கம்புக்கும் சோளத்துக்கும் ஒப்பேறும் அளவுக்கு வானம் ஏதோ கொடுத்தது. அந்தத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கவில்லை என்பதுதான் சிக்கல். மரம் போனது, மேல்மண் காற்றோடு போனது. மிச்சமிருந்த மண்ணில் மழைத்துளி அடித்து அடித்து மேற்பரப்பு இறுகி ஓடு கட்டிக்கொண்டது. பெய்த மழை அதன்மேல் வழிந்து, மீதி மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடையில் சேர்ந்தது.

இப்படிப்பட்ட நிலத்தை வெளியிலிருந்து பார்ப்பவர் பாலைவனம் என்றுதான் சொல்வார். உண்மையில் அது தண்ணீர் குடிக்க மறந்துபோன வயல்.

கூர்கா என்ற ஊரைச் சேர்ந்த யாக்கூபா சவாதோகோ 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சந்தை வியாபாரத்தை விட்டுவிட்டு இந்த நிலத்துக்குத் திரும்பினார். 'ஸாய்' என்ற குழி முறை அந்தப் பகுதியில் முன்பே இருந்தது. வயலுக்குள் இறுகிப்போன சின்னத் திட்டுகளைச் சரிசெய்ய மட்டும் அதைப் பயன்படுத்துவார்கள். சவாதோகோ அதில் செய்த மாற்றங்கள் பார்க்கச் சாதாரணமானவை. குழியை இன்னும் அகலமாகவும் ஆழமாகவும் வெட்டினார். மழைக்குக் காத்திராமல் வறண்ட மாதங்களிலேயே வெட்டினார். உள்ளே இரண்டு கை தொழு உரம் போட்டார். ஒரு சாண் முதல் இரண்டு சாண் அகலம், அரைச் சாண் முதல் ஒரு சாண் ஆழம். ஹெக்டேருக்குப் பத்தாயிரம் குழிக்கு மேல். கோடையில் பாறை மாதிரி இருக்கும் மண்ணைக் கொத்துகிறாரே என்று ஊரார் அவரைப் பைத்தியம் என்றார்கள்.

உரம் இருக்கும் இடத்துக்குக் கரையான் வரும். நம் ஊரில் கரையான் என்றால் மருந்தைத் தேடி ஓடுவோம். அங்கே அதுதான் கூலி கேட்காத வேலையாள். உரத்தைத் தின்று, அதை மண்ணுக்குள் இழுத்துக்கொண்டு, அடியில் வழி வழியாகத் துளையிட்டுப் போகும். முதல் மழை வரும்போது குழியில் தண்ணீர் தேங்கி, அந்தத் துளைகள் வழியே கீழே இறங்கிவிடும். வயல் முழுக்கப் பரவியிருந்தால் ஆவியாகியிருக்கும் மழை, செடி நிற்கும் இடத்தில் மட்டும் குவிகிறது. நடுவில் இரண்டு மூன்று வாரம் மழை பொய்த்தாலும் பயிர் தாக்குப்பிடிக்கிறது. ஒன்றுமே விளையாத நிலத்தில் மோசமான ஆண்டில் ஹெக்டேருக்கு முந்நூறு நானூறு கிலோ தானியம் எடுத்தார்கள். நல்ல ஆண்டில் 1,500 கிலோ வரை போனது. உரத்தோடு வந்த விதைகளிலிருந்து மரக்கன்றுகளும் முளைத்தன. அவற்றைப் பிடுங்காமல் விட்டதில் ஏறக்குறைய 40 ஹெக்டேர் காடு உருவாகி, 60-க்கும் மேற்பட்ட வகை மரங்களும் புதர்களும் வளர்ந்தன.

இதே மாகாணத்தில் அதே காலத்தில் ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு நிறுவனத்தின் உதவியோடு கல் வரப்பு வேலையும் நடந்தது. சரிவுக்குக் குறுக்கே சம உயரக் கோட்டில் கற்களை வரிசையாக அடுக்கினால் தண்ணீரின் வேகம் குறையும், வண்டல் படியும். கோட்டில் கொஞ்சம் பிசகினாலும் தண்ணீர் ஒரே இடத்தில் சேர்ந்து வரப்பை உடைத்துவிடும். அளவையாளர் கருவிக்கு அங்கே எங்கே போவது? கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் டியூப்பை எடுத்துக்கொண்டார்கள். தண்ணீர் நிரப்பிய தெளிந்த குழாய், இரண்டு கம்பு, அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஓரிரு நாளில் கற்றுக்கொண்டார்கள். கோடிக்கணக்கில் செலவழித்த மண்காப்புத் திட்டங்களைவிட இந்த டியூப் அதிக நிலத்தைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைக்கிறேன்.

1989-இல் பக்கத்து நாடான நைஜரின் இல்லேலா பகுதியிலிருந்து விவசாயிகள் சிலர் யாத்தெங்காவுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஊர் திரும்பிச் சில ஹெக்டேரில் மட்டும் குழி வெட்டினார்கள். 1990-இல் மழை பொய்த்தது. குழி வெட்டிய வயல்களில் மட்டும் கதிர் வந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குச் சுவாரசியமாகப்படுகிறது. யாருக்கும் வேண்டாமல் கிடந்த பொட்டல் நிலத்தை வாங்கவும் விற்கவும் ஆள் வந்தார்கள், விலை ஏறியது, குழி வெட்டும் கூலி வேலை உருவானது. ஒரு முறை பலிக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஆய்வறிக்கையைவிட நிலச் சந்தையைப் பார்ப்பது நல்லது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு ஹெக்டேருக்குக் குழி வெட்ட நூற்றுக்கணக்கான மணி நேர உடல் உழைப்பு வேண்டும். இளைஞர்கள் கடற்கரை நகரங்களுக்கு வேலைக்குப் போய்விட்ட வீட்டில் யார் வெட்டுவது? உரத்துக்கு மாடு வேண்டும், மாட்டுக்குத் தீவனம் வேண்டும். ஆடு மாடு இல்லாத ஏழைக் குடும்பம்தான் இதில் கடைசியாக வருகிறது.

மரம் யாருக்குச் சொந்தம்?

இல்லேலாவிலிருந்து கிழக்கே போனால் நைஜரின் மராதி பகுதி. அங்கே தொண்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த ஆஸ்திரேலியர் டோனி ரினாடோ, ஆண்டுக்கணக்கில் நாற்றங்கால் போட்டு மரக்கன்று நட்டுக்கொண்டிருந்தார். பெரும்பாலான கன்றுகள் செத்தன. வெயிலில் போனது பாதி, ஆடு தின்றது பாதி. 1983-இல் ஒருநாள் மணல் பாதையில் வண்டி சிக்காமல் இருக்க டயர் காற்றைக் குறைக்க இறங்கியவர், வயலில் கிடந்த புதர் ஒன்றை உற்றுப் பார்த்தார். அது புதர் அல்ல, வெட்டப்பட்ட மரத்தின் அடிக்கட்டையிலிருந்து வந்த துளிர். ஆண்டுதோறும் விதைப்புக்கு முன் வெட்டி எரிப்பார்கள், ஆண்டுதோறும் அது துளிர்க்கும். வெறும் மணலாகத் தெரிந்த வயல்களுக்கு அடியில் உயிருள்ள வேர்கள் இலட்சக்கணக்கில் கிடந்தன. கன்று நடவே தேவையில்லை, வெட்டுவதைக் குறைத்தால் போதும்.

முறை எளிது. ஒரு கட்டையில் வரும் பத்திருபது துளிர்களில் நேரானதும் தடித்ததுமாக மூன்று முதல் ஐந்தை விட்டுவிட்டு மற்றதைக் கழிப்பது, விட்டவற்றின் கீழ்க்கிளைகளைக் கவாத்துச் செய்வது. கழித்தது அடுப்புக்கு விறகு. வேர் ஏற்கெனவே ஆழத்தில் ஈரத்தைப் பிடித்திருப்பதால், புதுக் கன்றுக்கு வாய்க்காத வேகத்தில் வளரும். வயலில் காற்றின் கடுமை குறைந்தது. முன்பெல்லாம் மணற்காற்று முளைத்த பயிரை மூடிவிடும், இரண்டு மூன்று முறை மறுவிதைப்புப் போடுவார்கள். அது குறைந்தது. இதில் 'காவோ' மரத்துக்குத் தனி இடம் உண்டு. மழைக்காலத்தில் இலை உதிர்த்து, வறண்ட காலத்தில் தழைக்கும் விசித்திரமான மரம் அது. பயிர் வளரும்போது நிழல் போட்டு இடைஞ்சல் செய்யாது. மாட்டுக்குத் தீனியே இல்லாத மாதங்களில் நெற்று கொடுக்கும், மண்ணில் தழைச்சத்தையும் சேர்க்கும்.

இவ்வளவு நல்ல மரத்தை விவசாயிகள் ஏன் முன்பு விட்டுவைக்கவில்லை? பிரெஞ்சு காலனி ஆட்சி கொண்டுவந்த வனச் சட்டம் மரங்களை அரசின் சொத்தாக்கியிருந்தது, சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த வழக்கம் தொடர்ந்தது. உன் வயலில் உள்ள மரத்தின் கிளையை நீ வெட்டினாலும் வனக்காவலர் அபராதம் போடுவார். அப்படியானால் புத்திசாலி விவசாயி என்ன செய்வார்? விரல் உயரத்தில் இருக்கும்போதே பிடுங்கிவிடுவார். மரம் இல்லாத வயலில் வனக்காவலருக்கு வேலை இல்லையே. 1980-களின் நடுவிலிருந்து அரசின் கெடுபிடி தளர்ந்தது. மரம் நிலக்காரருக்கே என்ற நம்பிக்கை வந்தது. அதன்பின்தான் இந்த முறை ஊர்விட்டு ஊர் பரவியது. பெரும்பகுதி திட்டமோ மானியமோ இல்லாமல், பக்கத்து வயலைப் பார்த்துப் பரவியது. பின்னாளில் கிறிஸ் ரெய், கிரே டப்பன் ஆகிய ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களையும் வயல்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தெற்கு நைஜரில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பியிருந்தன. எண்ணிக்கை ஏறக்குறைய 20 கோடி.

1990-களின் நடுவிலிருந்து சாஹேலில் மழையும் கொஞ்சம் மீண்டது, பசுமைக்கு அதுதானே காரணம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எல்லைக்குத் தெற்கே நைஜீரியாவில் மண் அதேதான், மழை சற்று அதிகமும்கூட. அங்குள்ள வயல்களில் மரம் குறைவாகவே இருந்தது. வானம் மட்டுமே காரணம் என்றால் பச்சை நைஜீரியப் பக்கம் அல்லவா கூடியிருக்க வேண்டும்?

2007-இல் ஆப்பிரிக்க ஒன்றியம் தொடங்கிய 'பசும்பெருஞ்சுவர்' திட்டத்தையும் இதன் அருகில் வைத்துப் பார்க்கலாம். கண்டத்தின் குறுக்கே 8,000 கிலோமீட்டருக்கு மரச்சுவர் என்பது முதல் கனவு. ஆளில்லாத இடத்தில் நட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்றவும் ஆட்டை விரட்டவும் யாரும் இல்லை. பிறகு சுவர் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, ஊருக்கு ஊர் நிலம் சீரமைப்பது என்று மாற்றிக்கொண்டார்கள். 2030-க்குள் 10 கோடி ஹெக்டேர் என்பது இலக்கு. 2020-இல் வந்த ஐ.நா. மதிப்பீட்டின்படி, சுவருக்கென்று வகுத்த பகுதிக்குள் மீட்கப்பட்டது சுமார் 40 லட்சம் ஹெக்டேர். மராதிப் பக்கத்து விவசாயிகள் கத்தியும் கோடாரியுமாகச் சத்தமில்லாமல் செய்ததைவிட இது குறைவு.

சவாதோகோ, ரினாடோ இருவருக்கும் 2018-இல் 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது. சவாதோகோ 2023 டிசம்பரில் காலமானார். அவருடைய காட்டின் ஒரு பகுதி, நகரம் விரிந்தபோது மனைகளாகப் பிரிக்கப்பட்டது. வடக்கு புர்கினா ஃபாஸோவில் ஆயுதக் குழுக்களின் தாக்குதலால் கிராமங்கள் காலியாகிவருகின்றன. குழி வெட்டத் தெரிந்தவர்கள் அகதி முகாம்களில் இருக்கிறார்கள்.

200 மில்லிமீட்டருக்குக் கீழே

மேலே சொன்ன முறைகள் ராஜஸ்தானின் ஜெய்சல்மேருக்கு அப்படியே வராது. அங்கே ஆண்டு மழை 200 மி.மீ.க்கும் கீழ். குழியில் சேர்க்கக்கூட விழுந்த இடத்துத் தண்ணீர் போதாது. அதனால் பெரிய பரப்பில் விழும் மழையைச் சின்னப் பரப்பில் சேர்க்க வேண்டும். பாலிவால் பிராமணர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே செய்த 'கதீன்' இதுதான். பாறை மேட்டில் விழும் மழை ஓடிவந்து, தாழ்வான வயலின் குறுக்கே போட்ட மண்கரையில் தேங்கும். வயலைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு பெரிய பாறைப் பரப்பு நீர்பிடிப்பாக இருக்கும். மழைக்காலம் முடிந்து தண்ணீர் இறங்கியபின், மிச்சத்தை மதகு வழியே விட்டுவிட்டு, அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். கண்மாய் வற்றியபின் உள்வாயில் விதைப்பதைப் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். வழிந்தும் கசிந்தும் போகும் தண்ணீர் உப்பையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. இது சின்ன விஷயமில்லை, ஏன் என்று கீழே வரும்.

அங்குள்ள வயல்களில் நிற்கும் கேஜ்ரி மரம் நமக்குப் புதிதல்ல. நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னிதான் அது. சாஹேலின் காவோ செய்யும் வேலையைத் தார் பாலைவனத்தில் இது செய்கிறது. இலை ஆட்டுக்குத் தீவனம், காய் சமையலுக்கு, நிழலில் கம்பு நன்றாக வரும். 1730-இல் ஜோத்பூர் அரண்மனைக்காக இந்த மரங்களை வெட்ட வந்தபோது, கேஜட்லி ஊரில் பிஷ்னோய் மக்கள் 363 பேர் மரங்களைக் கட்டிப்பிடித்து உயிர் விட்டார்கள். அதே ஜோத்பூர் சமஸ்தானம்தான் 20ஆம் நூற்றாண்டில் பாலைவனத்தைப் பசுமையாக்கச் சீமைக்கருவேலைக் கொண்டாடிப் பரப்பியது. பசுமை என்னவோ வந்தது. அதன் பலனை ராமநாதபுரத்துக்காரர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

தாரில் நடந்த பெரிய பரிசோதனை கால்வாய்தான். பஞ்சாபில் சட்லஜும் பியாஸும் கூடும் ஹரிகே தடுப்பணையிலிருந்து தண்ணீர் எடுக்கும் ராஜஸ்தான் கால்வாய்க்கு 1958-இல் அடிக்கல் நாட்டினார்கள். இன்று அது இந்திரா காந்தி கால்வாய், ஊட்டுக் கால்வாயும் பிரதானக் கால்வாயும் சேர்ந்து சுமார் 650 கிலோமீட்டர். மணல்மேடுகள் கோதுமை, பருத்தி, கடுகு, நிலக்கடலை வயல்களாயின. மேய்ச்சல் நாடோடிகள் குடியேறினார்கள், பஞ்சாப் விவசாயிகளும் வந்தார்கள். இதைச் சாதனை இல்லை என்று சொல்ல முடியாது. குடிக்கத் தண்ணீருக்குப் பல மைல் நடந்த ஊர்களுக்குக் குழாய் வந்தது.

ஆனால் கங்காநகர், ஹனுமன்கட் பக்கம் மணலுக்கு அடியில் பல இடங்களில் ஜிப்சம் கலந்த இறுகிய படுகை இருக்கிறது. பாய்ச்சிய தண்ணீர் அதற்குக் கீழே இறங்காது, பக்கவாட்டிலும் வடியாது. ஆண்டுக்கு ஆண்டு நிலத்தடி நீர் மேலே ஏறியது. தரையிலிருந்து ஒன்றிரண்டு மீட்டருக்குள் வந்துவிட்டால் மண் துளைகள் வழியே தானாகவே மேலேறும். வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்ளும், உப்பை விட்டுவிடும். பாலைவன மண்ணில் உப்பு ஏற்கெனவே உண்டு, ஏனென்றால் அதைக் கழுவிக் கடலில் சேர்க்கும் அளவுக்கு அங்கே மழை பெய்ததே இல்லை. இப்படி ஊறி உவராகிப்போன நிலத்தை அங்கே 'சேம்' என்கிறார்கள். வீட்டுச் சுவரில் உப்புப் பூத்து, வயலில் தண்ணீர் நின்று, ஊரைவிட்டுப் போனவர்கள் உண்டு. கால்வாயின் தலைப்பகுதியில் இந்தக் கதி. வால்பகுதியிலோ தண்ணீரே எட்டவில்லை. 2004-இல் கட்ஸானா பகுதியில் தண்ணீர் கேட்டுப் போராடிய விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். வடிகால் இல்லாமல் பாசனம் வெட்டினால் என்ன ஆகும் என்பது பொறியாளர்களுக்குத் தெரியாத விஷயமில்லை. வடிகாலுக்கு ஆகும் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்தால் திட்டத்துக்கு அனுமதி கிடைக்காது, அதனால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது வழக்கம்.

மழையே இல்லாத இடம்

கால்வாய்க்கு ஆறும் இல்லாத இடத்தில் மிச்சம் இருப்பது நிலத்தடி நீர். சவூதி அரேபியா 1980-களில் உலக விலையைப்போலப் பல மடங்கு கொடுத்துக் கோதுமை கொள்முதல் செய்தது. ஆழ்துளைக் கிணறு, நடுவில் ஒரு தூண், அதைச் சுற்றிச் சுழலும் நீண்ட தெளிப்புக் குழாய். விண்வெளிப் படங்களில் மணலில் பச்சை வட்டங்களாகத் தெரிவது இதுதான். 1992-இல் விளைச்சல் 40 லட்சம் டன்னைத் தொட்டது, நாடு கோதுமை ஏற்றுமதியில் முன்வரிசைக்கு வந்தது. இறைத்த தண்ணீர் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், அரேபியாவில் மழை பெய்த காலத்தில் சேர்ந்தது. எடுத்தால் திரும்ப ஊறாது. 2008-இல் அரசு கொள்முதலைப் படிப்படியாகக் குறைத்து 2016-இல் நிறுத்தியது. அந்த வட்டங்களில் விளைந்ததை விவசாயம் என்பதைவிடச் சுரங்க வேலை என்பதே பொருத்தம்.

எகிப்தின் செகெம் இதற்கு மாற்றாக எப்போதும் காட்டப்படும் பெயர். ஆஸ்திரியாவில் மருந்தியல் படித்த இப்ராஹிம் அபூலெய்ஷ், 1977-இல் கெய்ரோவுக்கு வடகிழக்கே பில்பெய்ஸ் அருகே 70 ஹெக்டேர் மணலில் தொடங்கிய பண்ணை. கெய்ரோவின் ஆண்டு மழை சுமார் 25 மி.மீ., அதாவது சென்னையில் ஒரே இரவில் பெய்துவிடும் அளவு. முதலில் கிணறு, அப்புறம் காற்றைத் தடுக்க எல்லையெங்கும் மரம், அப்புறம் மாடு. மாட்டுச் சாணமும் பயிர்க் கழிவும் சேர்த்து மட்கு உரம் செய்து ஆண்டுதோறும் மணலில் கலந்தார்கள். மணல் தண்ணீரைப் பிடித்து வைக்காது, மட்குதான் பிடிக்கும். மட்கு கூடக் கூட ஒரே விளைச்சலுக்குப் பாய்ச்ச வேண்டிய தண்ணீர் குறையும். 1990-களில் இவர்கள் செய்த பூச்சிக் கட்டுப்பாட்டுச் சோதனைகள் எகிப்தின் பருத்தி வயல்களில் மருந்துத் தெளிப்பு பெருமளவு குறையக் காரணமாயின. அபூலெய்ஷ் 2017-இல் காலமானபின் மகன் நடத்துகிறார்.

செகெமைப் பாராட்டுபவர்கள் பொதுவாக விட்டுவிடும் ஒன்று, அங்கே என்ன பயிர் என்பது. மூலிகை, மருந்துச் செடிகள், இயற்கைப் பருத்தி, காய்கறி. மூலிகையைத் தேநீராகவும், பருத்தியைக் குழந்தை ஆடையாகவும் தாங்களே செய்து ஐரோப்பாவுக்கு விற்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கிடைக்கும் காசு கோதுமையைவிடப் பல மடங்கு. அந்தக் காசில்தான் மட்கு உரமும் பள்ளிக்கூடமும் நடக்கின்றன. இதே முறையில் கோதுமை போட்டிருந்தால் பண்ணை சில ஆண்டுகளில் மூடியிருக்கும். எகிப்து இன்னமும் உலகில் அதிகமாகக் கோதுமை இறக்குமதி செய்யும் நாடுகளில் ஒன்று. அந்தக் கோதுமையில் பெரும்பகுதி கருங்கடல் பக்கத்திலிருந்து, வானம் பார்த்தே விளையும் ரஷ்ய, உக்ரைனிய வயல்களிலிருந்து கப்பலில் வருகிறது.